ஒன்பதாம் காலடி

லண்டனில் பிரதமர் குடியிருக்கும் வீட்டின் வாசற்கதவுக்கு வெளிப்புறம் சாவித்துளை கிடையாது. நாட்டையே ஆள்கிறவர் ஆனாலும் வெளியே நின்றுகொண்டு அதைத் திறக்க முடியாது. உள்ளே ஒருவன் நிற்க வேண்டும். அவன்தான் திறக்க வேண்டும். அந்தத் திறப்பிலும் ஒரு முறை உண்டு. பிரதமர் வாசலில் காத்து நிற்கக் கூடாது. கையை நீட்டித் தள்ளவும் கூடாது. அவர் நடை தடைப்படாமல் வர, கதவு தானே மனம் வைத்து விலகியது போல விலக வேண்டும். பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்ற எண்ணமே பார்ப்பவனுக்கு வரக் கூடாது. அப்படி இருபத்தொன்பது வருடம் இல்லாதவர் போல் இருந்து காட்டியவர் எட்வின் பார்டில். அவருக்கு முன் அதே கதவுக்குப் பின்னால் நின்றவர் அவர் தகப்பனார் ஆர்தர் பார்டில்.

கதவுக்குப் பக்கத்தில் சின்னத் தொலைக்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். வெளியே வருகிறவர்கள் அதில் தெரிவார்கள். எட்வின் அதை நம்பியதில்லை. அதில் தெரிகிற படம் ஒரு கணம் பிந்தியது என்பது அவர் வாதம். அவர் நம்பியது தம் உள்ளங்கால்களை. வெளியே பதித்த கல்லும் உள்ளே பதித்த கறுப்பு வெள்ளைக் கல்லும் ஒரே நிலத்தில் கிடப்பவை. மெல்லிய தோல் அடிவைத்த பாதணி போட்டுக்கொண்டு அசையாமல் நின்றால், தெருவில் காரிலிருந்து இறங்கி நடக்கிறவருடைய காலடி கல் வழியாக வந்து பாதத்தைத் தொடும். குளத்தில் தூரத்தில் விழுந்த கல்லின் அலை கரையில் நிற்பவன் காலை வந்து தொடுவது போல.

மேரியன் ஓக்லி அம்மையார் பிரதமராக இருந்த ஆறு வருடமும் அவருடைய நடை எட்வினுக்கு மனப்பாடம். காரிலிருந்து கதவுக்குப் பதினோரு காலடி. எட்டு அடி சீராக வரும். ஒன்பதாவது அடியில் ஒரு நிற்பு. அங்கே அம்மையார் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கை அசைப்பார். அப்புறம் இரண்டு அடி. அந்த நிற்பில் எட்வினின் கை தாழ்ப்பாளுக்குப் போகும். பத்தாவது அடிக்குக் கதவு விலகும்.

அந்தக் கையசைப்பு நாடெங்கும் பேர்பெற்றது. எவ்வளவு அவசரம் இருந்தாலும் நின்று மக்களைப் பார்க்கும் மனசு என்று பத்திரிகைகள் எழுதின. கல்லுக்கு வேறு கதை தெரியும். ஒன்பதாம் அடியில் அம்மையாரின் எடை முழுவதும் வலது காலுக்கு மாறிவிடும். இடது கால் கல்லில் இருக்கும், ஆனால் அதில் பாரம் இராது. மூச்சு ஒன்று விடும் நேரம். இடது முழங்காலுக்கு அந்தப் பதினோரு அடியைச் சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. அதை மறைக்கத்தான் கை மேலே எழுந்தது. இதை அறிந்தவர் உலகத்தில் இரண்டு பேர்: அம்மையார் ஒருவர், எட்வின் ஒருவர். எட்வினுக்குத் தெரியும் என்பது அம்மையாருக்குத் தெரியாது.

எட்வின் இதைத் தம் மனைவி மாரீனிடம்கூடச் சொன்னதில்லை. பார்டில் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போனவரையும் வந்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. யார் நல்லவர், யார் முசுடு, யார் நடை எப்படி, எதுவும் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. எட்வினின் சித்தப்பா செசில் அந்த வீட்டில் கார் ஓட்டினார். ஒரு நாள் மதுக்கடையில் யாரோ பத்திரிகைக்காரன் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, பழைய பிரதமர் காரில் ஏறினால் வணக்கம் சொல்வார், புதியவர் கதவை அறைந்து சாத்துவார் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அது, பேர் போடாமல், எழுத்தில் வந்தது. ஆர்தர் பார்டில் தம்பியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவருக்குக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைப்பு போவது மட்டும் நின்றது. செசில் செத்தபோதும் ஆர்தர் கல்லறைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றி நின்றார், தேவாலயத்துக்குள் போகவில்லை.

அது கல்நெஞ்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கையிருப்பாக இருப்பது வாய்க்கட்டு ஒன்றுதான் என்றால், அதைக் காப்பவர் அப்படித்தான் காக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மையார் வீட்டைவிட்டுப் போனார். சொந்தக் கட்சிக்குள்ளேயே ஆள் சேர்த்து அவரை இறக்கியவர் அவருடைய நிதியமைச்சர் ஸ்டூவர்ட் ஹாஸ்கின். அடுத்த பிரதமரும் அவர்தான்.

போகிறவரைக் கைதட்டி வழியனுப்புவது அந்த வீட்டு வழக்கம். எழுத்தர்கள், சமையற்காரர்கள், தொலைபேசிப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள் நடைபாதையில் இரண்டு வரிசையாக நின்று தட்டுவார்கள். சிலர் அழுதுகொண்டே தட்டுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே ஆட்கள், அதே இடத்தில், அதே கைகளால் புதியவரைத் தட்டி வரவேற்பார்கள். கதவுக்காரர் மட்டும் தட்டுவதில்லை. அவர் கை கதவில் இருக்கும்.

அம்மையார் எட்வினின் முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது.

"எட்வின், ஆறு வருஷத்துல இந்தக் கதவு என்னை ஒரு தடவைகூடக் காக்க வெச்சதில்ல. எப்படின்னு கேக்கணும் கேக்கணும்னு நெனச்சே நாள் போயிடுச்சு."

"பழக்கந்தான், பிரதமரே."

"இன்னும் இருபது நிமிஷத்துக்கு அப்படிக் கூப்பிடலாம்," என்று சிரித்தார். "போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, இல்ல? போறேன்."

எட்வின் திறந்தார். அம்மையார் வெளிச்சத்துக்குள் போனார். எட்வின் கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார்.

பிறகு வந்தது அந்த ஒரு மணி நேரம். பழையவர் அரண்மனைக்குப் போய்ப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதியவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. நாட்டுக்குப் பிரதமர் என்று யாரும் இல்லை. ஒன்றும் இடிந்து விழவில்லை. கடிகாரம் ஓடியது. மாடிப்படிச் சுவரில் பழைய பிரதமர்களின் படங்கள் வரிசையாக மஞ்சள் வெளிச்சத்தில் மிதந்தன. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. ஜன்னல் வழியே வந்த வெயில் தரைக்கல்லின் ஒரு கறுப்புச் சதுரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சதுரத்துக்கு நகர்ந்தது. ஆள்கிறவர் இல்லாத வீடு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போன வீட்டைப் போல் மூச்சு விட்டது. அந்த நேரத்தில் எட்வினுக்கு எப்போதும் ஒரு மயக்கம் வரும். தாம் நிற்பது கதவுக்குப் பின்னாலா, தண்ணீருக்கு அடியிலா என்று தெரியாது. பாதத்துக்குக் கீழே கல் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். யாரும் நடக்காமலே.

மேல்மாடியிலிருந்து டிலிஸ் இறங்கி வந்தாள். வேல்ஸ் நாட்டுக்காரி, வீட்டுப் பராமரிப்புப் பொறுப்பு அவளுடையது. கையில் தலையணை உறைகள் குவிந்திருந்தன.

"படுக்கைச் சூடுகூட ஆறல, பார்டில். அதுக்குள்ள அந்த ஆளோட ஆறு பெட்டி பின்வாசல்ல வந்து இறங்கிடுச்சு. அந்தம்மா டீக்கு மொதல்ல பால ஊத்தும். இவரு டீப்பையக் கோப்பையிலயே ஊறப்போட்டுட்டு மறந்துடுவாராம். கஷாயம் மாதிரிக் கறுக்க விட்டுக் குடிப்பாராம்."

"ம்."

"என்ன ம்? இருபத்தொம்பது வருஷமா ம். ஒரே ஒரு தடவ சொல்லு கண்ணு, யாருகிட்டயும் சொல்லமாட்டேன். யாரு தேவல? அந்தம்மாவா, இந்த ஆளா?"

"தலையணை உறை கீழ விழுது பாரு."

"உன்னைக் கல்யாணம் பண்ணின புண்ணியவதிக்குச் சிலை வைக்கணும்," என்று சொல்லிவிட்டு டிலிஸ் போனாள்.

பதினொன்றரைக்கு வெளியே ஆரவாரம் கேட்டது. ஹாஸ்கின் வந்துவிட்டார். தெருவில் காருக்குப் பக்கத்தில் நின்று பேசினார். உள்ளே நடைபாதையில் எல்லாரும் வரிசைக்கு வந்து கைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். எட்வின் கதவுக்கு அருகே நின்று பாதத்தைக் கல்லுக்குக் கொடுத்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

காலடி புறப்பட்டது. ஒன்று, இரண்டு. கனமான, நேரான, அவசரமான நடை. ஐந்து. ஆறு. அந்த மயக்கம் இன்னும் அவரைவிட்டு முழுக்கப் போகவில்லை. எட்டு. ஒன்பது. எட்வினின் உடம்பு முழுவதும் அந்த ஒரு நிற்புக்காகக் காத்திருந்தது. வலது காலுக்கு மாறும் எடைக்காக. மூச்சு ஒன்று விடும் நேரத்துக்காக. வரும், இதோ வரும் என்று கல்லுக்குள் தேடிக்கொண்டே போனார்.

வரவில்லை. ஹாஸ்கின் பதினோரு அடியையும் நடந்து முடித்துவிட்டு மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

நாலு விநாடி. அதற்குள் வெளியே யாரோ, "சாவியை அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கத்தியதும் கூட்டம் சிரித்ததும் கதவு வழியே கேட்டது. எட்வினின் கை தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தது. கதவு விலகியது. ஹாஸ்கின் உள்ளே வந்தார், முகம் சிவந்திருந்தது. கைதட்டல் முன்னும் பின்னுமாக, கொட்டிய பட்டாணி போலச் சிதறி வந்தது.

அன்று மத்தியானம் அந்த நாலு விநாடியை நாடு முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் ஓக்லி: நடக்கிறார், கை அசைக்கிறார், கதவு பூவிதழ் போல் திறக்கிறது. இன்னொரு பக்கம் ஹாஸ்கின்: நடக்கிறார், யாரையும் பார்க்கவில்லை, கதவு திறக்கவில்லை. நின்று மக்களைப் பார்த்தவர் அவர். நேரே நாற்காலிக்கு ஓடுகிறவர் இவர் என்றார்கள். கதவுக்கே தெரிந்திருக்கிறது என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்றவன் வேண்டுமென்றே செய்தானா என்றும் ஒருவர் கேட்டார். உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட மூடி ஏது?

மூன்று மணிக்கு ஃபெலிக்ஸ் ஆஸ்டன் எட்வினைக் கூப்பிட்டனுப்பினார். புதிய பிரதமர் கூட்டி வந்த செய்தி அதிகாரி. வயது முப்பத்தைந்து இருக்கும். மேசையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது.

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல, எட்வின். 'பழைய பூட்டு, எண்ணெய் போடாததால சிக்கிக்கிச்சு.' இவ்வளவுதான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா இதோட முடிஞ்சுது."

"பூட்டு சிக்கல, சார்."

"சிக்கினதா வெச்சுக்குவோம்."

"அந்தப் பூட்டுக்கு மாசாமாசம் எண்ணெய் போடறவர் ரெஜ். போன வியாழக்கிழமைதான் போட்டார். அவர் பேருதான் கெடும்."

ஆஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அப்ப ஏன் திறக்கல? காரணம் சொல்லுங்க, அதையே எழுதறேன்."

எட்வின் வாயைத் திறந்தார். காரணம் நாக்கு நுனி வரை வந்தது. போனவரின் நிற்புக்காக வந்தவரிடம் காத்திருந்தேன். அதைச் சொல்வது இரண்டு பேரையும் தராசில் வைப்பதுதான். நாக்கு செய்யாத காரியத்தை இருபத்தொன்பது வருடம் கழித்துப் பாதம் செய்துவிட்டது. அதற்கு மேல், அந்த நிற்பு ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப ஊர் சொல்றது சரிதானா? வேணும்னே செஞ்சீங்களா?"

எட்வின் நிமிர்ந்தார். முதுகெலும்பில் தகப்பனார் வந்து நின்றது போலிருந்தது. "எங்க குடும்பத்துல யாரும் யாருக்கும் கதவைச் சாத்தினதில்ல, சார்."

"நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒண்ணு பூட்டு, இல்லைன்னா நீங்க. யோசிச்சுட்டு வாங்க."

ஜூன் மாத மாலை லண்டனில் லேசில் அணைவதில்லை. ஏழு மணிக்கும் தெரு முழுவதும் தேன் நிறத்தில் கிடந்தது. தேம்ஸின் தென்கரையில் பெர்மண்ட்சியில் வீடு. எட்வின் பாலத்தின் மேல் நடந்து போனார். ஆற்றில் கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போகிறவர், பின்னால் வருகிறவர் என்று எத்தனையோ காலடிகள் பாலத்தில். ஒவ்வொன்றும் அவர் பாதத்துக்கு வந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சொல்லிவிட்டுப் போயிற்று. இவனுக்குப் புதுப் பாதணி. இவளுக்கு வயிற்றில் பிள்ளை. இந்த ஆளுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நடுப்பாலத்தில் நின்றார். அத்தனை பேர் ரகசியத்தையும் கால் வழியே வாங்கி வைத்துக்கொண்ட ஒருவனை நம்பித்தான் அவர்கள் நடக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்களுக்கு அது தெரியாது. தெரியாததால்தான் அது நம்பிக்கை.

வீட்டில் மாரீனின் தம்பி கீத் வந்து உட்கார்ந்திருந்தான். மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் பொட்டலத்தோடு மேசையில் இருந்தன.

"மச்சான்! நாட்டுலயே பெரிய ஆளாயிட்டீங்க! மதுக்கடைல உங்க பேரச் சொல்லிக் குடிக்கிறாங்க. மூஞ்சிக்கு நேரா சாத்தினாரு பாரு, ஆம்பளைன்னா அவரு ஆம்பளைன்னு!"

"நான் சாத்தல. திறக்க நேரமாயிடுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான். எங்களுக்கு மட்டும் சொல்லுங்க. இந்த ஆளு மோசம்தானே? அந்தம்மா கால் தூசி பெறுவானா?"

கால் என்ற சொல்லில் எட்வினின் கையிலிருந்த முள்கரண்டி ஒரு கணம் நின்றது.

"கீத், மீனுக்கு வினிகர் ஊத்திக்க," என்றாள் மாரீன். "ஊத்திக்கிட்டு வாயில போட்டுக்க. வாய் சும்மா இருந்தா வேற எதாவது வரும்."

கீத் போன பிறகு மாரீன் எட்வினின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் இருந்தது.

"ஏன் நேரமாச்சுன்னு நான் கேக்கல, எட். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காரணம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தப்பான காரணமா?"

"தப்பு என்னோடது. காரணம் வேறொருத்தரோடது."

மாரீன் மேசையிலிருந்த பொட்டலத் தாளை மடித்தாள். "அப்ப உன்னோடத மட்டும் குடுத்துட்டு வா," என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எட்வின் ஆஸ்டனிடம் போகவில்லை. பிரதமரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே விட்டார்கள் போலும்.

ஹாஸ்கின் தோட்டத்துப் பக்க அறையில் இருந்தார். கோப்பையில் டீப்பை ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது. வடக்கே கப்பல் கட்டும் ஊரில் பிறந்தவர். அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் இருந்தது.

"வாங்க, பார்டில். உக்காருங்க."

"நின்னுக்கறேன், பிரதமரே. நேத்து கதவு பிந்தித் திறந்தது என் தப்பு. பூட்டுல ஒண்ணுமில்ல. வேணும்னும் செய்யல. அத உங்ககிட்ட நேர்ல சொல்லணும். கதவுக்கு முன்னால நின்னவர் நீங்க."

"அப்ப என்னதான் ஆச்சு?"

ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் வெயில் அசையாமல் கிடந்தது. எட்வின் இரவெல்லாம் தைத்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தார்.

"நான் கண்ணால பாக்கறதில்ல, பிரதமரே. காலடியக் கேட்டுத்தான் திறக்கறேன். ஆறு வருஷமா ஒரு காலடியக் கேட்டுப் பழகிட்டேன். நேத்து அதுக்காகக் காத்துக்கிட்டிருந்துட்டேன்."

ஹாஸ்கின் அவரையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "அவங்க நடுவுல நின்னு கை காட்டுவாங்களே, அதுக்காகவா? என்னையும் இன்னைலேருந்து அங்க நின்னு கை காட்டச் சொல்றான் ஆஸ்டன். ஒன்பதாவது அடியாம். சாக்பீஸ்ல கோடு போட்டு வெக்கறேங்கறான்."

எட்வின் தம் பாதணியைப் பார்த்தார்.

"என்ன, அது கை காட்டறதுக்குத்தானே நின்னாங்க?"

"நின்னாங்க, பிரதமரே. எதுக்கு நின்னாங்கன்னு சொல்றது கதவுக்காரன் வேலை இல்ல."

ஹாஸ்கின் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அவர் கண் எங்கோ தூரத்தில் போய் எதையோ தேடியது.

"நாடாளுமன்றத்துல பதினாலு வருஷம் அவங்க பக்கத்துல உக்காந்திருந்தேன்," என்றார். "எழுந்திருக்கும்போது இடது கையால முன்னால இருக்கற மேசைய அழுத்துவாங்க. பேச்சுக்கு முன்னாடி ஒரு தோரணைன்னு நெனச்சேன். நாங்க சிலர் அதே மாதிரி செஞ்சு காட்டிச் சிரிச்சிருக்கோம்." நிறுத்தினார். "மாடிப்படியில எப்பவும் என்னை முன்னால போகச் சொல்லுவாங்க. மரியாதைன்னு நெனச்சேன்."

எட்வின் புல்வெளியைப் பார்த்தார்.

"முழங்காலா?"

எட்வின் புல்வெளியையே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. மூடிய கதவு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லல," என்றார் ஹாஸ்கின். "நானா எதையோ நெனச்சுக்கறேன். சரி. இத வெளில விட்டா யாருக்கு லாபம் தெரியுமா, பார்டில்? எனக்கு. அந்தம்மா நின்னாங்க, இவன் நிக்கலன்னுதானே ஊரெல்லாம் பேச்சு? ஒரே நாள்ல அது காலி. உங்களுக்கும் லாபம். பழைய எஜமானியோட காலடிக்காகக் காத்திருந்த விசுவாசின்னு கண்ணீர் விடுவாங்க. ஆஸ்டன் சந்தோஷத்துல குதிப்பான்."

"தெரியும், பிரதமரே. அதனாலதான் கதவச் சாத்திட்டு வந்து சொல்றேன்."

"சொல்ல வேண்டாங்கறீங்க."

"அப்படி ஒண்ணு இருந்தா அது அவங்களோடது. அவங்க ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிருந்தத நாம எடுத்து வெளில வெக்கலாமா?"

"அப்ப பத்து மணிக்கு நான் என்ன சொல்றது? பூட்டுன்னும் சொல்லக் கூடாது. அதுவும் கூடாது."

எட்வின் கோட்டுப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் கையெழுத்தில் இரண்டு வரி. கதவைத் திறக்கப் பிந்தியவன் நான். தவறு என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல. கீழே முழுப் பெயர்: எட்வின் ஆர்தர் பார்டில், வாயில்காவலர்.

ஹாஸ்கின் படித்தார். "இதப் போட்டா காரணம் கேப்பாங்க. கிழவனுக்குக் காது போச்சும்பாங்க. குடிச்சிருந்தான்பாங்க. எனக்கு எதிரின்னும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். எங்க குடும்பத்துப் பேரு ரெண்டு தலைமுறையா பத்திரிகைல வந்ததில்ல, பிரதமரே. எங்கப்பா அத உசிராக் காப்பாத்தினார். வரத்தான் வேணும்னா தப்ப ஒத்துக்கிட்ட பேரா வரட்டும். வேற ஒருத்தர் ரகசியத்த வித்த பேரா வர வேணாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களுக்கு வேற ஆள் வேணும்னா, கதவை விட்டுடறேன்."

ஹாஸ்கின் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

"அந்த நாலு விநாடி," என்றார் திரும்பாமலே. "உங்களுக்குச் சொல்றேன், வேற யாருக்கும் சொல்லல. மூஞ்சிக்கு முன்னால கறுப்புக் கதவு. பெயின்ட்ல என் மொகமே தெரியுது. பின்னால சிரிக்கறாங்க. அப்ப தோணிச்சு, இது திறக்காமலே போச்சுன்னா என்னன்னு. திரும்பி நடந்து வீட்டுக்குப் போயிடலாம். பஸ் பிடிச்சு ரயிலடி, ரயில் பிடிச்சு எங்க ஊரு. நல்லா இருந்துச்சு, பார்டில். கனவு மாதிரி இருந்துச்சு. நீங்க திறந்துட்டீங்க."

"மன்னிக்கணும், பிரதமரே," என்றார் எட்வின்.

ஹாஸ்கின் வாய்விட்டுச் சிரித்தார். "திறந்ததுக்கா, திறக்காததுக்கா? போங்க. பன்னெண்டு மணிக்கு நாடாளுமன்றத்துலேருந்து வருவேன். உங்க எடத்துல நில்லுங்க."

பத்து மணிக்கு அந்த இரண்டு வரி வெளியே போயிற்று. பத்தேகாலுக்குள் அவர் பெயரை நாடு உச்சரித்தது. டிலிஸ் ஓடி வந்தாள்.

"என்ன இது, பார்டில்? வானொலில உன் பேரச் சொல்றான்! உனக்கு வயசாயிடுச்சாம், காது மந்தமாம். ஏன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதக் கூடாதா? கையில எழுதினவன் அதையும் எழுதியிருக்கலாமில்ல?"

"தாள்ல எடமில்ல."

"எடமில்லையாம்!" அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, கிண்டல் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. அவர் கோட்டுக் காலரிலிருந்த ஒரு நூலை எடுத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருந்தபோது வெளியே கூட்டம் இரட்டித்திருந்தது. "பார்டில் எங்கே? வெளியே வாய்யா பார்டில்!" என்று கேட்டது. எட்வின் கதவருகே நின்றார். கண்கள் மூடின. கூட்டத்தின் சத்தம் நீருக்கு மேலே தங்கிவிட்டது. அவர் கீழே இறங்கினார், கல்லுக்குள், குளிர்ச்சிக்குள். அங்கே ஒரு பழைய நடை இன்னும் மெல்ல உலவிக்கொண்டிருந்தது. எட்டு அடி, ஒரு நிற்பு. எட்டு அடி, ஒரு நிற்பு. இருபது வருடம் ஆனாலும் அது போகாது என்று அவருக்குத் தெரியும். இருக்கட்டும். அதற்கு ஓர் ஓரம் கொடுத்துவிட்டு எட்வின் மற்றொன்றுக்காகப் பாதத்தை வைத்தார்.

கார்க்கதவு சாத்தும் சத்தம். ஒன்று. இரண்டு. கனமான, நேரான நடை. வெளியே பத்திரிகைக்காரர்கள், "பிரதமரே, இங்க பாருங்க! ஒரு கை!" என்று கூவினார்கள். ஆறு. ஏழு. கோடு போட்டு வைப்பதாக ஆஸ்டன் சொன்ன இடம் வந்தது. எட்டு.

ஒன்பது. அங்கே ஒரு தயக்கம் வந்தது. மிகச் சிறியது, கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. கையைத் தூக்க நினைத்த ஒருவர், அது தம்முடையது அல்ல என்று கீழே விட்டது போல இருந்தது. காலடி நிற்கவில்லை.

பத்து. கதவு விலகியது.